பெரியபாளையம் வரைக்கும் பல்லில் தண்ணீர் படாது

எனக்கு ஓட்டப் பந்தயம் என்றாலே ஆகாது. இன்றைக்கும் டிவியில் யாராவது நெடுந்தூரம் ஓடுவதைக் காட்டினால், யார் முந்துகிறார் என்று பார்க்க மாட்டேன். ஓடுகிறவன் நெற்றியைத்தான் பார்ப்பேன். வேர்வை மினுக்கினால் சரி. காய்ந்த நெற்றியாகத் தெரிந்தால் டிவியை அணைத்துவிடுவேன். "அவன் எந்த ஊருக்காரனோ, உனக்கு இன்னாம்மா பேஜாரு?" என்று மகள் கிண்டல் செய்வாள். செய்யட்டும். அவள் நினைவு தெரிந்து பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் பார்த்தது என் சித்தப்பாவை. அறுபதுகளில், நான் பாவாடை சட்டையில் திரிந்த வயது. சித்திரை மாதம், களத்தில் நெல் அடித்துக்கொண்டிருந்தார்கள். இரவல் வாங்கிய மாடுகளை அன்றைக்கே திருப்பி ஓட்டிவிட வேண்டும் என்று சித்தப்பா காலையிலிருந்து நிழலுக்கே வரவில்லை. நான் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோனேன். "அங்க வெச்சிட்டுப் போ" என்றார். வெயில் உச்சிக்கு வந்தபோது, எப்போதோ செத்துப்போன எருமையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தோம். விளையாடுகிறார் என்று நினைத்து நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். கை தோசைக்கல் மாதிரி சுட்டது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. அப்படியே மடிந்து உட்கார்ந்தார். சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒப்பாரி. கஞ்சி தூக்குவாளியில் அப்படியே இருந்தது. அதை யார் எடுத்துக் கொட்டினார்கள் என்று தெரியாது.

அப்படிப்பட்ட எனக்குப் போய் ஓடுகிற புருஷன் வாய்த்தார்.

எழுபதுகளின் நடுவில் இருக்கும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் ஒவ்வொரு கம்பெனியாக வந்துகொண்டிருந்தது. நாற்றங்காலுக்குப் பக்கத்திலேயே புகைபோக்கி எழும்பியது. எங்கள் வீட்டுக்காரர் இரும்பு உருக்குகிற ஒரு கம்பெனியில் உலைப் பக்கம் வேலை பார்த்தார். ஊரில் மற்றவர்கள் வேலைக்கு சைக்கிளில் போவார்கள், பஸ்ஸில் போவார்கள். இவர் ஓடிப் போவார். ஏரிக்கரை மேல் ஏறி, ரயில் பாதையைத் தாண்டி, கல்கத்தா லாரிகள் போகிற பெரிய ரோட்டைப் பிடித்து ஓடுவார். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் கம்பெனி காக்கிச் சட்டை. ஆரம்பித்த புதிதில் ஒரு போலீஸ்காரர் பிடித்து உட்காரவைத்துவிட்டார். விடியற்காலையில் பையோடு ஓடுகிறவனை வேறு என்னவென்று நினைப்பது? "எங்கடா அடிச்ச?" என்றாராம். "சும்மா ஓடறேன் சார்" என்று இவர் சொன்னதை அவர் நம்பவில்லை. பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "சும்மா எவனாவது ஓடுவானா?" என்று கேட்டு அனுப்பினாராம். நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, இப்டி ஓடி இன்னாத்தக் கண்டீங்க?"

"ஓடறப்போ மண்டைக்குள்ள ஒண்ணுமே இருக்காதும்மே. உலை சத்தம்கூட கேக்காது."

"ஓடாதப்போ மட்டும் உள்ள இன்னா இருக்குது?" என்றேன். சிரித்தார். கோபமே வராத மனுஷன். வீட்டில் இரண்டு பேருக்குமான கோபத்தை நானே பட்டுக்கொண்டிருந்தேன்.

சொன்னால் கேட்கமாட்டார் என்று தெரிந்ததும், சாப்பாட்டையாவது என் கையில் வைத்துக்கொண்டேன். கிளம்பும்போது ஊறவைத்த வேர்க்கடலை ஒரு கை, கூட ஒரு துண்டு வெல்லம். ஓடிவிட்டு வந்தால் கேழ்வரகுக் கூழில் மோர் விட்டுக் கரைத்து ஒரு சொம்பு. என் கைக்கு உப்பு எப்போதுமே தூக்கல். பழவேற்காட்டிலிருந்து கூடை வந்தால் மீன், வராவிட்டால் கருவாடு. நாட்டுக்கோழி முட்டையை உடைத்துப் பச்சையாகவே வாயில் ஊற்றிக்கொள்வார், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உலையில் நிற்கிறவர்களுக்குக் கம்பெனியிலேயே உப்பு மாத்திரையும் மோரும் கொடுப்பார்கள். வேர்த்துக் கொட்டுகிறவனுக்கு உப்பும் தண்ணீரும் போயே ஆக வேண்டும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ரோட்டில் ஓடுகிறவன் மட்டும் தண்ணீரைத் தொடக்கூடாது என்பார்கள்; அங்கே அது எப்படி மறந்துபோகுமோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆடி மாதம் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கு ஜனம் அலைமோதும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில் கம்பெனி ஆட்களும் சுற்றுப்பட்ட ஊர்களின் இளவட்டங்களும் சேர்ந்து ஒரு ஓட்டம் வைத்தார்கள். எளாவூர் செக்போஸ்ட்டில் கிளம்பி, கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை தாண்டி, புதுவாயலில் திரும்பி, எங்கள் பக்கத்து ஆரணி வழியாகக் கோயில் வாசல் வரைக்கும். பஸ்ஸில் போனாலே இடுப்பு கழன்றுவிடும். முதல் பரிசு எவர்சில்வர் குடம். தண்ணீர் குடிக்காமல் ஓடுகிறவனுக்குத் தண்ணீர்க் குடம், நல்ல ஞாயம்!

முதல் வருஷம் அவர் கவரைப்பேட்டை பெட்டிக்கடையில் நின்று ஒரு கோலி சோடா குடித்தார். கொஞ்ச தூரம் போனதும் கெண்டைக்காலும் வயிறும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம் கம்பெனி கேன்டீனில் அவரைப் பார்த்தால், "இன்னா வைக்கோலு, ஒரு சோடா சொல்லட்டா?" என்பார்களாம். சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார். ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அவர்கள் கூட்டத்தில் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த ஒருவர் இருந்தார். இவர் வயதுதான். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அவர் வீட்டுக்கே வந்து தீர்ப்பு சொன்னார். "சோடாதான் கெடுத்துச்சு. ஓடறவன் தண்ணி குடிச்சா கொடலு குலுங்கி வலி புடிச்சிக்கும். பட்டாளத்துல ஒரு சொட்டு குடுக்க மாட்டான்." அந்தக் காலத்தில் எல்லாருமே அப்படித்தான் சொன்னார்கள். நான் காபி கொடுத்தேன், அதை மட்டும் ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

இது போதாதென்று இவர் இன்னொரு வேலை செய்தார். அடுத்த ஆடி பிறந்ததும் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டி, அம்மனுக்குக் காப்பு கட்டிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பெரியபாளையத்தாளுக்கு நேர்ந்துகொள்ளாத வீடு கிடையாது. வேப்பிலை உடுத்துவார்கள், உருளுவார்கள், கூழ் ஊற்றுவார்கள். இவர் நேர்ந்துகொண்டது யாரும் கேள்விப்படாத வேண்டுதல். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, "எளாவூர்ல காலெடுத்து வெச்சா, அப்பால உன் வாசல்லதான் என் பல்லுல பச்சத்தண்ணி படும் தாயே" என்று சத்தமாகச் சத்தியம் செய்தார். அவருடைய அம்மா பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கோ சித்தப்பாவின் தூக்குவாளிதான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

காப்பு கட்டிய பிறகு முட்டை போச்சு, மீன் போச்சு, காலைக் கூழும் போச்சு. பொழுது சாய்ந்த பிறகு ஒரே வேளைச் சாப்பாடு. ஆனால் உலையும் ஓட்டமும் மட்டும் குறையவில்லை. கன்னம் ஒட்டிப்போய்ப் பல் முன்னால் வந்தது. அரைக்கால் சட்டையின் இடுப்பைப் பிடித்துத் தைத்தேன். ஆடி பாதி போவதற்குள் மறுபடியும் பிடித்துத் தைத்தேன். அவருக்கோ சந்தோஷம்.

"ஒடம்பு எளச்சாதாம்மே காத்தா போவலாம். காலு ஓடுதுன்னு நெனைக்கிறியா நீ? மனசுதான் ஓடுது."

"அந்த மனசுக்குத் தாகம் எடுக்காதா?"

"எடுத்தா அம்மாவ நெனைச்சிக்குவேன்."

புருஷனோடு சண்டை போடலாம். நடுவில் அம்மனைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டால் யாரோடு சண்டை போடுவது? மாமியாரிடம் போய் நின்றேன். "அத்தே, நீங்களாவது சொல்லக்கூடாதா? எங்க சித்தப்பா கத உங்களுக்குத் தெரியாதா?"

"ஏண்டி, உன் வாய்ல நல்ல வார்த்தையே வராதா? நேர்ந்துக்கினத மாத்தினா அவ சும்மா உடுவாளா? என் புள்ளய, என் நைனாவ, அவ பாத்துக்குவா."

பார்த்துக்கொள்வாளா என்று சந்தேகப்படுவதே பாவம் என்று ஒரு பயம். பார்த்துக்கொள்ளாமல் விட்டுவிடுவாளோ என்று இன்னொரு பயம். இரண்டையும் வைத்துக்கொண்டு மாவாட்டினேன், துணி துவைத்தேன், குழந்தையைக் குளிப்பாட்டினேன். அவர் ஓடக் கிளம்பிப் போனால் திரும்பி வரும்வரை எனக்கு ஒரு வாய் தண்ணீரும் இறங்காது. வாசலில் அவர் காலடிச் சத்தம் கேட்டால்தான் போன உயிர் திரும்பி வரும். வந்ததும் எதற்காவது அவரைத் திட்டுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. வெயில் ஏறுவதற்கு முன்னால் ஓட்டம் கிளம்புவதாகத்தான் ஏற்பாடு. கொடி அசைக்க வேண்டிய பெரிய மனிதர் சாவகாசமாக நாஷ்டா முடித்துவிட்டு வந்து, மாலை வாங்கிக்கொண்டு, பேசித் தீர்த்து, வெயில் சுள்ளென்று அடிக்கும்போதுதான் கொடியை அசைத்தாராம். இது எனக்கு அப்புறம்தான் தெரியும். தெரிந்திருந்தால் அங்கேயே போய்க் கொடியைப் பிடுங்கியிருப்பேன்.

நானும் மாமியாரும் மகளைத் தூக்கிக்கொண்டு மாட்டுவண்டியில் முன்னாலேயே கிளம்பிவிட்டோம். கோயிலில் ஊற்றுவதற்கு ஒரு பானை கூழ் வண்டியில் இருந்தது. ஆரணி தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடங்களோடு நின்றிருந்தார்கள். வேண்டுதலோடு நடந்து வருகிறவர்கள் காலில் ஊற்றுவதற்காக. பக்கத்தில் பம்பையும் உடுக்கையும் அடித்துக்கொண்டிருந்தார்கள். "அத்தே, இங்கியே எறங்கி அவர பாத்துட்டுப் போலாம்" என்றேன். மாமியாருக்கும் மகன் ஓடி வருவதைப் பார்க்க ஆசை. கூழ்ப் பானையையும் இறக்கச் சொன்னேன். "அது எதுக்குடி?" என்றார். எனக்கே தெரியாது. கையில் எதையாவது வைத்துக்கொள்ளாமல் என்னால் நிற்க முடியவில்லை.

முதலில் இரண்டு பேர் ஓடிப்போனார்கள். முகமெல்லாம் வேர்வை வழிந்தது. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அப்புறம் தூரத்தில் இவர். "எங்க நைனா மூணாவதா வரான்!" என்று மாமியார் குதித்தார். நான் நெற்றியைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. உதட்டோரம் வெள்ளை பூத்திருந்தது. இடுப்பில் கட்டியிருந்த வேப்பிலை வாடித் தொங்கியது. நேராக ஓடவில்லை, ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் அலைந்துகொண்டு வந்தார். பட்டாளத்துக்காரருக்கு அந்த வருஷம் முட்டி வலி. அதனால் பக்கத்தில் சைக்கிளில் வந்து, விடாமல் விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். தோசைக்கல். "ஏங்க, நான்தாங்க" என்றேன். என்னை யாரோ என்று பார்த்தார். "உலைக் கதவு தெறக்கப் போறாங்கம்மா, தள்ளி நில்லு" என்றார்.

ஐயோ! எருமையைக் கூப்பிட்ட சித்தப்பாவின் குரல் அப்படியே காதில் விழுந்தது. ஒரு சொம்பு கூழை மொண்டு அவர் வாயில் வைத்தேன். பல்லை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பினார். "வாசல்... வாசல்..." என்று முனகினார். "இன்னும் கொஞ்ச தூரம்தாம்மா, கெடுத்துடாத" என்று பட்டாளத்துக்காரர் சொம்பைத் தள்ளினார். "வேண்டுதலுடி! குடும்பத்துக்கே ஆவாதுடி!" என்று மாமியார் என் கையைப் பிடித்து இழுத்தார். சுற்றி நின்றவர்களும் "உடும்மா, உடும்மா" என்றார்கள். பெண்டாட்டி பேச்சை அங்கே ஒருத்தரும் கேட்கப்போவதில்லை. யார் பேச்சைக் கேட்பார்கள் என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்குச் சாமி வந்ததே கிடையாது. பம்பை அடித்தால் எதிர்வீட்டுக்காரிக்கு வரும், அவள் நாத்தனாருக்கு வரும். நான் ஓரமாக நின்று, 'புருஷனைக் கேட்க முடியாததையெல்லாம் இப்பவே கேட்டுக்கோடி' என்று மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். அன்றைக்குக் கொண்டையை அவிழ்த்தேன். ஊசி எங்கே விழுந்ததோ. தலையைச் சுற்றினேன். "ஏய்!" என்று கத்தினேன். அது என் குரல்தானா என்று எனக்கே பயமாக இருந்தது. பம்பை வேகம் பிடித்தது. யாரோ குலவை போட்டார்கள். மாமியார் நடுரோட்டில் என் காலில் விழுந்தார்.

"எங்கடா ஓடற? என் வாசல்ல நான் இல்லடா! உன்னப் பாக்க நானே வந்துட்டேன்! நான் நிக்கிற எடந்தான்டா என் வாசல்! குடிடா என் கூழ!"

அவர் நின்றார். கண் எங்கோ இருந்தது. ஆனால் கை தானாகக் கும்பிட்டது. வாய் திறந்தது. நான் ஊற்றினேன். பாதி மார்பில் வழிந்தது, பாதி உள்ளே போனது. "எல்லாக் கொடத்தையும் அவன் தலைல ஊத்துங்கடி!" என்றேன். மஞ்சள் தண்ணீர் மொத்தமும் அவர் தலையில் இறங்கியது. மரத்தடியில் உட்கார்ந்தார். நான் இரண்டாவது சொம்பை நீட்டினேன். இந்த முறை உடனே குடிக்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். போச்சு, மாட்டேன் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். தானாகவே சொம்பை வாங்கி, நிறுத்தாமல் குடித்து முடித்தார்.

முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தேன். காய்ந்துதான் இருந்தது. காத்திருந்து மறுபடி துடைத்தேன். சாமி எங்கேயாவது ஒருத்தன் நெற்றியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருக்குமா என்று அங்கே ஒருத்தரும் யோசிக்கவில்லை. எவ்வளவு நேரம் போனதோ, முடிக்கு அடியில் பொடிப் பொடியாகப் பூத்தது. வேர்வை. அப்போது எனக்கு வந்த அழுகையையும் சாமி அழுகிறது என்றே எல்லாரும் கும்பிட்டார்கள்.

பட்டாளத்துக்காரர் கையைக் குவித்துக்கொண்டு வந்து நின்றார். "தாயே, எனக்கும் ஒரு வாய்." கூழை ஊற்றினேன். அதற்கு முன்னால் வேப்பங்கொத்தால் முதுகில் நாலு சாத்து சாத்தினேன். சாமி அடித்தால் யார் கேட்பது? பின்னால் ஓடி வந்தவர்களும் நின்று குடித்தார்கள். பானை காலியானது. அவர் எழுந்து, மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு, பக்தர்களோடு பக்தராகக் கோயிலுக்கு நடந்தார். குடம் யாருக்குப் போனது என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு நான் செய்ததைத் தப்பு என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன். ஆனாலும் பயம் என்னை விடவில்லை. அம்மன் பேரைச் சொல்லி, அவள் குரலில் பேசியிருக்கிறேன். ஊர்ப் பெண்கள் குறி கேட்டு வாசலுக்கு வந்தார்கள், நான் கொல்லைப்பக்கம் ஓடி ஒளிந்தேன். விளக்கேற்றும்போது அம்மன் படத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

ஆவணி முடிவதற்குள் மகளுக்கு அம்மை போட்டது. எங்கள் பக்கத்தில் அதை நோய் என்று சொல்ல மாட்டார்கள். "அம்மா வந்துகீறா" என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். மாமியார் அப்படிச் சொன்னபோது, நான் செய்ததைக் கேட்க வந்துவிட்டாள் என்று நினைத்தேன். என்னைக் கேட்காமல் குழந்தையைக் கேட்கிறாளே என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம் குழந்தை வேப்பிலைப் படுக்கையில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தார். என்னால் அடக்க முடியவில்லை.

"ஏங்க, எல்லாம் என்னாலதாங்க. அன்னிக்கி எனக்கு சாமியே வரலீங்க. நானா ஆடினேன்."

அவர் விசிறுவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"மொத சொம்பு உள்ள எறங்கினதும் கண்ணு கொஞ்சம் தெளிஞ்சுது. உன் மூஞ்சப் பாத்தேன். அப்டி பயந்துகினு நின்ன. சாமி யாரப் பாத்தும்மே பயப்படும்?"

"தெரிஞ்சுமா ரெண்டாவது சொம்பு குடிச்சீங்க? கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணீங்களே!"

"மொதலாவது அவ சொன்னான்னு குடிச்சேன். ரெண்டாவது உனக்காவ குடிச்சேன். சத்தியத்த மீறினது நானு. கேக்கறதா இருந்தா என்னியக் கேக்கட்டும். கொழந்தைய எதுக்குக் கேக்கப்போறா?"

அப்போதுதான் கவனித்தேன். அவர் மணிக்கட்டில் அந்த மஞ்சள் கயிறு இன்னும் இருந்தது. வேண்டுதல் முடிந்ததும் கழற்றிவிட வேண்டிய காப்பு. அழுக்கேறி, நூல் பிரிந்து, அப்படியே கிடந்தது. கழற்றப் பயந்துகொண்டு வைத்திருக்கிறார் மனுஷன். இத்தனை நாளும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் ஒரே பயத்தைப் பட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று வேர்த்திருந்தது.

மகளுக்கு முத்து இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கு, அந்தக் கயிற்றை நானே அவிழ்த்து வேப்பமரத்து வேரில் வைத்தேன்.

அடுத்த ஆடியிலும் ஓடினார். ஓடாமல் இருப்பாரா? நானும் அதே வேப்பமரத்தடியில் கூழ்ச் சொம்போடு போய் நின்றேன். பம்பை அடித்தார்கள். போன வருஷம் பார்த்தவர்கள் சிலர் எனக்கு எப்போது வரும் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கொண்டையை இறுக்கி முடிந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவர் வேர்த்து வழிந்துகொண்டு வந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நின்று, சொம்புக்குக் கையை நீட்டினார்.